ஈசான மூலையும் இரும்புப் படியும்

என் வீட்டில் முக்கியமான முடிவுகளை நான்தான் எடுப்பேன். இந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரே ஒரு முடிவுதான் எடுத்திருக்கிறேன் என்பது வேறு விடயம். முக்கியமில்லாத முடிவுகளை, அதாவது எந்த வீட்டை வாங்குவது, விடுமுறைக்கு எங்கே போவது, நான் எந்தச் சட்டையோடு வெளியே இறங்குவது போன்றவற்றை என் மனைவி பாலாம்பிகை எடுப்பாள்.

நான் எடுத்த முடிவு இதுதான். வீட்டின் பின்பக்கத்து இரும்பு அவசரப்படியைக் கழற்றி எறிவது. அதற்குப் பதிலாக வீடு முழுக்கத் தண்ணீர் தெளிப்பான் பூட்டுவது.

காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் உயிர்ப் பாதுகாப்பு என்று சொன்னேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். காரணம் சீட்டு.

எங்கள் வீடு பிராங்பேர்ட்டில், ஹோக்ஸ்ட் பகுதியில் ஒரு ஒடுங்கிய தெருவில் இருக்கிறது. நூற்றிருபது வயதுக் கட்டடம். உள்ளே ஒரே ஒரு மரப்படிக்கட்டு. மேல்மாடியில் நாங்கள், கீழே இரண்டு மாடியிலும் வாடகைக்காரர். மரப்படி எரிந்தால் மனிதர் இறங்க வேண்டுமே என்று யாரோ ஒரு காலத்தில் பின்சுவரோடு ஒரு இரும்புப் படியை வைத்துவிட்டார்கள். எங்கள் குசினிக் கதவைத் திறந்தால் அந்தப் படியின் உச்சி மேடை வரும். நல்ல அகலமான மேடை. நாலு கதிரை போடலாம்.

என் மனைவி அதில் கதிரை போடவில்லை. இராச்சியம் போட்டாள். கறித்தூளுக்கு மிளகாய் வறுப்பது அங்கேதான். உள்ளே வறுத்தால் புகைக்கருவி கத்தும், வெளியே வறுத்தால் அயலவர் தும்முவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கறிவேப்பிலைச் சாடிகள் அங்கே. சாமித்தட்டும் அந்தக் கதவைப் பார்த்தபடிதான் இருக்கிறது. வீடு வாங்கிய அன்று நான் அதை நேர் எதிர்ச் சுவரில், முன்ஜன்னலைப் பார்த்தபடி, அளந்து அடித்துக் கொடுத்திருந்தேன். சுவாமி கிழக்கைப் பார்க்க வேண்டும் அல்லவா. அடுத்த நாளே அவள் கழற்றி இந்தப் பக்கம் மாற்றிவிட்டாள். ஜன்னலால் காற்று வருகிறது, விளக்கு நூருகிறது என்றாள். காற்று என்றால் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த மேடையில் நின்றால் பின்வளவு முழுவதும் தெரியும். பின்வளவின் மூலையில் ஒரு கொட்டில். முன்பு யாரோ பூச்செடி வளர்த்த, கண்ணாடிக் கூரை போட்ட கொட்டில். அங்கேதான் சனிக்கிழமை தோறும் ஐந்து மணிக்கு நான், ஜேசுரட்ணம், கொட்வின், தாரகன் நாலு பேரும் முன்னூற்றிநாலு விளையாடுவோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தவரும் மன்னார்க்காரரும் எந்த நாட்டுக்கு ஓடினாலும் மறக்காமல் கொண்டு ஓடிய சீட்டு விளையாட்டு இது. நாலு பேர், இரண்டு சோடி. மற்ற இனங்களை வெட்டும் சீட்டுக்குத் துரும்பு என்று பேர். என் சோடி ஜேசுரட்ணம். மன்னார்க்காரன், கத்தோலிக்கன், மிகப் பொறுமைசாலி. என்னோடு பதினெட்டு வருடம் சோடி சேர்ந்து தோற்றவன் வேறு எப்படி இருப்பான்?

நான் விமானநிலையத்தில் சரக்குப் பகுதியில் இரவு வேலை. உலகம் எழும்பும்போது நான் படுப்பேன். ஜன்னலின் இரும்புத்திரையை இறக்கிவிட்டு, காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தால், பின்னேரம் நாலு மணிக்குத்தான் எழும்புவேன். எழும்பித் திரையைத் தூக்கினால் முன்ஜன்னலில் சூரியன் நிற்கும். நான் ஒரு கும்பிடு போடுவேன். வேலை இல்லாத நாளிலும் அதே கணக்குத்தான், உடம்பு பழகிவிட்டது. எழும்பியதும் அவள் தொலைபேசியில் இருக்கும் நேரம் பார்த்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, இரும்புப் படியால் மெல்ல இறங்கினால் நேரே கொட்டில். அது என் சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்துக்கு மேலே இருந்து ஒரு சனிக்கிழமை குரல் வந்தது.

"ஜேசண்ணை, அவரை நம்பி இறங்காதேங்கோ. அவரிட்டைத் துரும்பு இல்லை."

நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம். மேடையில் அகப்பையோடு பாலாம்பிகை. ஜேசுரட்ணம் என் சீட்டை எட்டிப் பார்த்தான். துரும்பு இல்லைதான். கொட்வின் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் கூரை அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் இதே கதை. மூன்றாம் மாடியிலிருந்து சீட்டுத் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"சீட்டு ஆருக்குத் தெரியும்? உங்கட மொட்டைதான் தெரியுது. கை நல்லாயிருந்தா மொட்டை ஆடும். துரும்பு இல்லாட்டிச் சொறிவியள்."

அடுத்த சனி தொப்பி போட்டுக்கொண்டு போனேன். தொப்பிக்கு மேலால் சொறிகிறேன் என்று சொன்னாள். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

இப்படி நான் நொந்திருந்த பங்குனி மாதத்தில்தான் நகரக் கட்டட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரும்புப் படி துருப்பிடித்துவிட்டது, ஆறு மாதத்துக்குள் புதுப் படி வையுங்கள், அல்லது தகுந்த மாற்று வழியோடு விண்ணப்பம் போடுங்கள். மாற்று வழி என்ற இடத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். முன்பக்கத்தால் தீயணைப்புப் படையின் ஏணி வரக்கூடிய வீடுகளில் தண்ணீர் தெளிப்பான் பூட்டி, பின்படியை எடுக்க அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்று வேலையிடத்தில் ஒருவன் சொன்னான். எனக்கு முழு ஜேர்மனியும் வெளித்த மாதிரி இருந்தது. படி போனால் மேடை போகும். மேடை போனால் குரல் போகும்.

அன்றே குசினிக்குள் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"அம்பிகை, ஒரு முடிவு எடுத்திருக்கிறன்."

"ஆர்?"

"நான்."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"படியைக் கழட்டப் போறம். வீடு முழுக்க ஸ்பிரிங்க்ளர். நெருப்புப் பிடிச்சா முகட்டில இருந்து தானாத் தண்ணி வரும்."

"அப்ப நான் எதால இறங்கிறது?"

"ஏன் இறங்குறீர்? நெருப்புத்தான் நூந்துபோடுமே."

"மிளகாய் எங்க வறுக்கிறது?"

"உயிர் முக்கியமோ, மிளகாய் முக்கியமோ? குடும்பத் தலைவன் ஒரு முடிவு எடுக்கேக்கை குறுக்க கதைக்கக் கூடாது, அம்பிகை."

அவள் கடிதத்தைப் பார்த்தாள். திறந்திருந்த கதவால் பின்வளவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்த நேரம் கொஞ்சம் அதிகம்.

"சரி. நீங்கள் சொன்னா சரிதான்."

இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அந்த வசனத்தைக் கேட்டதில்லை. அனுபவம் உள்ளவன் அப்போதே ஓடியிருப்பான். நான் தேத்தண்ணீர் கேட்டேன். அதையும் தந்தாள்.

தீப்பாதுகாப்புத் திட்டக்காரர் லோமன் என்பவரைச் சந்திக்க டேர்மின் எடுத்தவளும் அவள்தான். முதியோர் இல்லமொன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறவள், டச் என்கிற ஜேர்மன் மொழி எழுத்தில் புலி. லோமன் ஒரு வியாழக்கிழமை நாலரைக்கு வந்தார். நான் அப்போதுதான் எழும்பி முகம் கழுவியிருந்தேன். நீண்ட மனிதர், கையில் ஒரு கண்ணாடிக் குமிழ். பருத்தித்துறை வடை ஒரு தட்டு வைத்தோம். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத் தின்றார்.

அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கியது. தெளிப்பான் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சிவப்புத் தண்ணீர்க் குமிழ் இருக்கும், சூடு கூடினால் அது உடையும், உடைந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கொட்டும், புகைக்கெல்லாம் அது அசையாது. பாலாம்பிகை உடனே மிளகாய்ப் புகைக்கும் அசையாதா என்று கேட்டாள். அசையாது என்றார். அவள் அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டாள். தெருக்குழாய் பழசு, அழுத்தம் போதாது, ஆகவே ஒரு பெரிய தொட்டியும் பம்பும் வேண்டும், அதற்கு ஒரு சின்ன அறை வேண்டும் என்றார் அடுத்ததாக. இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறாராம். ஒன்று கெல்லரின், அதாவது நிலவறையின், முன்பக்க மூலை. மற்றது பின்வளவுக் கொட்டில்.

கொட்டில் என்றதும் வாயருகே கொண்டுபோன வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

கெல்லரின் முன்பக்க மூலை என்பது பாலாம்பிகையின் இரண்டாவது இராச்சியம். இரண்டு உறைகுளிர்ப்பெட்டி, அரிசி மூட்டைகள், ஊரில் யார் வீட்டுச் சாமத்தியவீட்டுக்கும் இரவல் போகும் ஐந்து பெரிய சமையல் கிடாரங்கள். அதை விட்டுக்கொடு என்று நேரே கேட்டால் அவள் என்னையும் உறைகுளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவாள். மூளையைக் கசக்கினேன். அப்போது முன்ஜன்னலால் சூரியன் என் முகத்தில் அடித்தது. சூரியனைக் கண்டதும் சாத்திரம் ஞாபகம் வந்தது.

வீட்டில் தண்ணீர் இருக்க வேண்டியது ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில். எங்கள் ஆட்கள் கிணறு வெட்டினால் அங்கேதான் வெட்டுவார்கள். சூரியன் நிற்பது முன்பக்கம், ஆகவே முன்பக்கம் கிழக்கு. கிழக்கைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு. ஆகவே வடகிழக்கு மூலை என்பது சாட்சாத் கெல்லரில் கிடாரம் இருக்கும் மூலை. கொட்டில் அதற்கு நேர் எதிர், தென்மேற்கு. ஒரே கல்லில் மேடையும் போகும், கிடாரமும் போகும், கொட்டிலும் தப்பும். எழுந்து நின்றேன்.

"தண்ணி ஈசான மூலையிலதான் நிக்க வேணும். வேற எங்க வைச்சாலும் குடி விளங்காது. தென்மேற்கில வைச்சா குடும்பத் தலைவனுக்குக் கூடாது."

"உந்தச் சாத்திரம் இந்த ஊருக்குச் சரிவருமே அப்பா?" என்றாள் பாலாம்பிகை. முகம் வாடியிருந்தது. கெல்லரை நினைத்துத்தான் வாடுகிறாள் என்று எனக்குள் ஒரு குதூகலம்.

"சாத்திரத்துக்கு ஊர் இல்லை."

"ஒருக்கா யோசிச்சுப் போட்டுச் சொல்லுங்கோவன்."

"யோசிச்சாச்சு."

"அப்ப கடதாசியில என்னெண்டு போட? கெல்லர் எண்டு போடவோ, வடகிழக்கு மூலை எண்டு போடவோ?"

இங்கே நான் சொன்ன பதிலை நினைத்து அன்று முழுக்கப் பெருமைப்பட்டேன்.

"வடகிழக்கு எண்டே போடும். கெல்லருக்குப் பேர் மாத்தலாம், திசையை மாத்தேலாது."

அவள் அதை டச்சில் லோமனுக்குச் சொன்னாள். லோமன் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிகவும் நல்லது, எனக்கும் அதுதான் வசதி என்றார். பரவாயில்லை, வெள்ளைக்காரனுக்கும் மனையடி சாத்திரம் தெரிகிறது என்று நான் மெச்சிக்கொண்டேன்.

பிறகு கையெழுத்து. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. எந்தக் கடதாசி என்றாலும் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பாலாம்பிகை பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டு வைப்பாள். நான் புள்ளடியைத் தேடிப் போடுவேன். பதினெட்டு வருடம், ஒரு வரி வாசித்ததில்லை. இந்த விண்ணப்பத்தில் ஏழு புள்ளடி இருந்தது. ஏழிலும் போட்டேன். கடைசிப் புள்ளடியின் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் கிழமையும் நேரமும் கேட்டிருந்தது போல ஒரு ஞாபகம். அதை அவளே நிரப்பியிருந்தாள்.

சனிக்கிழமை கொட்டிலில் இந்த வெற்றியை விலாவாரியாகச் சொன்னேன். கொட்வினும் தாரகனும் மேசையில் தட்டினார்கள். ஜேசுரட்ணம் மட்டும் சீட்டை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"தங்கச்சி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சரி எண்டவ."

"சரி எண்டவவோ? அப்ப கவனம் மச்சான்."

நான் சிரித்தேன். ஜேசுரட்ணம் கெட்டிக்காரன்தான், ஆனால் வேதக்காரன், ஈசான மூலையின் மகிமை அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆவணியில் அனுமதி வந்தது. புரட்டாதியில் வேலை தொடங்கியது. அறைக்கு அறை முகட்டில் குழாய் ஓடியது, அழகாகத்தான் இருந்தது. தொட்டி இறக்கவும் படி கழற்றவும் பாலாம்பிகை பஞ்சாங்கம் பார்த்து ஒரு புதன்கிழமை காலையைக் கொடுத்தாள். ராகுகாலத்துக்கு முன்னே தொடங்கிவிட வேண்டும் என்று லோமனுக்கே உத்தரவு போட்டாளாம். நான் வேலையால் வந்து, பஞ்சை இரட்டிப்பாக அடைத்துக்கொண்டு, புன்னகையோடு படுத்தேன்.

நாலு மணிக்கு எழும்பினேன். திரையைத் தூக்கி, சூரியனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் குசினிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. படி இல்லை. மனம் நிறைந்தது. அடுத்த கணம் பார்த்தால் மேடை இருந்தது. சுற்றிவரப் புதுக் கைபிடிக் கம்பி அடித்து, புதுப் பச்சை மை பூசி, முன்னையைவிட வடிவாக இருந்தது. நடுவில் பாலாம்பிகை கறிவேப்பிலைச் சாடிகளுக்கு இடம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"உது ஏன் நிக்குது?"

"படியைத்தானே கழட்டச் சொன்னியள். மேடை சுவரோட கட்டினது, பழுதில்லையாம். பல்கனியா விடலாம் எண்டு லோமன் சொன்னவர். மூண்டாவது புள்ளடி."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். கொட்டிலுக்குக் கூரை இல்லை. எங்கள் சீட்டு மேசை புல்லில் நின்றது. நாலு கதிரையும் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தன. இரண்டு பேர் ஒரு பாரம்தூக்கியால் கொட்டிலுக்குள் ஒரு இராட்சதத் தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கீழே ஓட வேண்டும். படியைக் காணவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு உண்மை உறைத்தது. இந்த வீட்டில் அந்தப் படியை அவசர வழியாகப் பாவித்தவன் நான் ஒருவன்தான். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரவேற்பறையைக் கடந்து, மரப்படியால் மூன்று மாடி இறங்கி, கெல்லர் நடையால் நுழைந்து பின்வளவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

லோமன் கையில் விண்ணப்பத்தோடு நின்றார். நான் எனக்குத் தெரிந்த டச் முழுவதையும் ஒரே மூச்சில் பாவித்தேன். தொட்டி வடகிழக்கில் இருக்க வேண்டும், இது தென்மேற்கு, கழற்றுங்கள் என்றேன். அவர் தொலைபேசியை எடுத்துத் திசைகாட்டியைக் காட்டினார். ஊசி கொட்டிலைப் பார்த்து வடகிழக்கு என்றது. உங்கள் தொலைபேசி பழுது என்றேன். ஒரு வேலையாள் தன்னுடையதைக் காட்டினான். அதுவும் பழுது என்றேன். கடைசியில் வீட்டின் கூரைக்கு மேலால் கையை நீட்டினேன். அதோ சூரியன், வீட்டுக்கு முன்பக்கம் நிற்கிறது, சூரியன் நிற்பது கிழக்கு, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லோமன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, ஐயா, இப்போது பின்னேரம் நாலே முக்கால் என்றார்.

பாரம்தூக்கி நின்றது. வேலையாட்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பதினெட்டு வருடம் மேற்கே விழும் சூரியனுக்குக் காலை வணக்கம் வைத்திருக்கிறேன். எனக்குக் காது வரை சுட்டது. அந்தச் சூட்டுக்குக் குமிழ் உடைந்திருக்க வேண்டும்.

மேலேயிருந்து குரல் வந்தது.

"உங்களுக்குச் சூரியன் எங்கால உதிக்குது எண்டு தெரியாதெண்டு எனக்குப் பதினெட்டு வருசமாத் தெரியும். நீங்கள் சாமித்தட்டு அடிச்ச அண்டைக்கே தெரியும்."

திரும்பவும் மூன்று மாடி ஏறினேன். ஏறும்போது சண்டைக்கு நல்ல நல்ல வசனங்கள் வந்தன. உச்சிக்கு வந்தபோது மூச்சு மட்டும்தான் மிச்சம்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்லை?"

"குறுக்க கதைக்கக் கூடாது எண்டியளே. எண்டாலும் கெல்லர் எண்டு போடவோ எண்டு கேட்டனான்."

கேட்டவள்தான். அதற்கு நான் சொன்ன பதிலும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"என்ர கொட்டிலைப் பறிச்சுப் போட்டீர், அம்பிகை."

அவள் சாடியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பதினெட்டு வருசமாச் சனிக்கிழமை சனிக்கிழமை இதில நிண்டு உங்கட மொட்டையைப் பாக்கிறன். ஒரு நாள் எண்டாலும், நீரும் இறங்கி வாரும், ஒரு கை போடும் எண்டு கேட்டனீங்களே? எனக்கு விளையாடத் தெரியாதெண்டு நினைச்சியளோ?"

துரும்பு யாரிடம் இல்லை என்று மூன்று மாடிக்கு மேலிருந்து சொல்லுகிறவளுக்கு விளையாடத் தெரியும் என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அவள் கரைச்சல் தருகிறாள் என்று நினைத்தேனே தவிர, ஆசைப்படுகிறாள் என்று நினைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. என் மொட்டையை நானே ஒரு முறை சொறிந்துகொண்டேன்.

ஆனால் நான் சும்மா விழுகிற ஆள் இல்லை. அன்றிரவு வேலைக்குப் போகும் ரயிலிலேயே எல்லாவற்றையும் சரிப்படுத்திவிட்டேன். மேடையில் நாலு கதிரை கொள்ளும். சீட்டு மேசையை மேலே ஏற்றுவோம். கொட்வினுக்கோ தாரகனுக்கோ எப்படியும் மாதத்தில் ஒரு சனி வேலை வரும். அந்த வெற்றிடத்தில் பாலாம்பிகை இருக்கட்டும். மேலேயே விளையாடினால் மேலேயிருந்து எட்டிப் பார்க்க ஆள் இல்லை. மொட்டைக்கும் விடுதலை. யோசித்துப் பார்த்தால் நான் தோற்கவே இல்லை. பெரிய மனத்தோடு அவளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"ஓம், சனிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லுங்கோ. நான் றோல்சும் செய்யிறன்."

சனிக்கிழமை வந்தது. நாலு பேரும் மேடையில் மேசையைச் சுற்றி நின்றோம். றோல்ஸ் ஆவி பறந்தது. ஜேசுரட்ணம் சீட்டைக் கலைத்தான். நான் என் கதிரையை இழுத்து அமரப்போன நேரம், ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், பாலாம்பிகை ஒரு கொப்பியும் கொட்டில் பூட்டின் பெரிய திறப்பும் கொண்டுவந்து என் கையில் தந்தாள். கொப்பியின் மட்டையில் என் பெயர் அச்சில் இருந்தது.

"இது என்ன?"

"பம்பைக் கிழமைக்கு ஒருக்கா ஓட்டிப் பாக்க வேணுமாம். ஓடி முடியுமட்டும் பக்கத்தில நிண்டு, ஊசி எதில நிக்குது எண்டு எழுத வேணும். அதுக்கு வீட்டில பொறுப்பான ஒராளைப் போட வேணும் எண்டு லோமன் கேட்டவர். குடும்பத் தலைவர் இருக்கேக்கை வேற ஆரைப் போடுறது? ஏழாவது புள்ளடி."

கொப்பிக்குள் செருகியிருந்த விண்ணப்பப் பிரதியில் ஏழாவது புள்ளடிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பெட்டிக்குள் அவளுடைய முத்து முத்தான எழுத்தில் சனிக்கிழமை, ஐந்து மணி தொடக்கம் ஆறரை மணி வரை என்று இருந்தது. கீழே என் கையெழுத்து, சுழியோடு, மிக அழகாக.

"நேரத்தை மாத்தேலாதோ?"

"மாத்தலாம். புதுசா அன்ட்ராக், விண்ணப்பம் போட வேணும். எட்டு மாதம் எடுக்குமாம்."

வரவேற்பறையைக் கடந்து, மரப்படியால் மூன்று மாடி இறங்கி, கெல்லர் நடையால் நுழைந்து, என் பழைய கொட்டிலைத் திறந்தேன். மேசை நின்ற இடத்தில் தொட்டி நின்றது. பம்பை ஓடவிட்டுவிட்டு, கொப்பியும் கையுமாக வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலேயிருந்து பார்த்தால் மொட்டை தெரியும். கீழேயிருந்து பார்த்தால் மேடைத் தளத்துக் கம்பிகளுக்கூடாக எட்டு உள்ளங்கால்தான் தெரிகிறது. என் கதிரைக்குக் கீழே தெரிந்த இரண்டிலும் கொலுசு இருந்தது.

பம்ப் இரைச்சலுக்கு மேலாகச் சீட்டு அறையும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெரிய ஆரவாரம். கைபிடிக் கம்பிக்கு மேலால் ஜேசுரட்ணத்தின் தலை எட்டிப் பார்த்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என்றைக்குமே கண்டதில்லை.

"மச்சான், நீ ஆறுதலா வா. இண்டைக்குத்தான் முதல்முறையா வெல்லுறன்."